அப்பாவின் நோட்டில் ஆறாவது வரி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை, சாளேஸ்வரம், தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்ந்துவிட்ட பிள்ளைகள் எல்லாம் பேசித் தீர்ந்ததும் யாராவது ஒருவர் அந்தப் பழைய மோடம் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். கீ, கர்ர்ர், டொய்ங் டொய்ங் என்று. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நானும் சிரிப்பேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தை ஒரே ஒரு நாள்தான் கேட்டோம். அதற்குப் பிறகு அந்த மோடம் சத்தமே இல்லாமல் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. முப்பது வருஷத்துக்குக் கிட்டே ஆகிறது. யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பம்பாய் மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் வீடு. அந்த ஜூன் மாதம் அண்ணா அமெரிக்காவுக்குப் படிக்கப் போயிருந்தான். அவனோடு டெலிபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே அப்பா கையைக் கையை ஆட்டி வைக்கச் சொல்லிவிடுவார். அதனால்தான் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. அண்ணா படித்த செகண்ட் ஹாண்ட் பெட்டி, தயிர்ச்சாதத்தின் நிறம். மழைக்காலத்தில் அதன் விசைகளுக்கு நடுவே ஈர வாடை அடிக்கும். அம்மா பழைய ஜன்னல் திரையை வெட்டி அதற்கு ஒரு உறை தைத்திருந்தாள். அப்பா தினமும் அந்த உறையை எடுத்து உதறி, நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

எங்கள் குடும்பத்து டெலிபோன் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது. ஊருக்குப் போனவர்கள், ஆபீஸ் போய்ச் சேர்ந்தவர்கள், மழையில் மாட்டிக்கொண்டு கடைசியில் வீடு திரும்பியவர்கள், எல்லோரும் போன் பண்ணி இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். இரண்டு மணி என்றால் சௌக்கியம் என்று அர்த்தம். யாரும் எடுக்கமாட்டோம். மூன்றாவது மணி அடித்தால்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது என்று பாய்ந்து எடுப்போம். உங்கள் வீட்டில் ஒரு மணியாக இருந்திருக்கலாம். பம்பாயில் பாதிக் குடும்பம் அப்படித்தானே ஓடியது?

இந்த வழக்கத்தை நம்பித்தான் என் அத்தங்கா கல்யாணமாகித் தாணேக்குப் போனாள். அத்தங்கா என்றால் அப்பாவுடைய அக்காவின் பெண். செம்பூரில் இருந்த அத்தைக்கும் அவள் கணவர் அத்திம்பேருக்கும் ஒரே பெண். என்னைவிட ஒன்பது வயது பெரியவள். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள் என்றால் கிங் சர்க்கிளில் பஸ் நின்றுவிடும். கறுப்பு உப்புப் போட்ட மாங்காயைத் தின்றுவிட்டு என் பாவாடையில் கையைத் துடைப்பாள். அந்த வருஷம் தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கறாரானவர்கள் என்று கல்யாணத்தன்றே தெரிந்துவிட்டது. அவளை வண்டியில் ஏற்றும்போது அத்தை அவள் காதோடு சொன்னாள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன்.

"தினம் சாயங்காலம் ஒரு நேரம் பார்த்து ரெண்டு மணி குடு. பேச வேண்டாம், அவா ஏதாவது சொல்லுவா. ஒரு நாள் மணி வரலேன்னா மறுநாள் கார்த்தால அப்பா அங்கே வாசல்ல வந்து நிப்பார். பக்கா."

"பக்காவாம்மா?"

"பக்காடி."

ஏழே கால் என்ற நேரத்தை அத்தங்காவேதான் பிறகு தேர்ந்து சொல்லியிருந்தாள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில்தான் அவள் மாமியார் பால் வாங்கக் கீழே போவாளாம்.

ஜூன் கடைசியில் மோடம்காரர் வந்தார். தாராவியில் கடை வைத்திருந்த மனிதர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், திருநெல்வேலிப் பக்கம். மோடத்தை மழையில் நனையாமல் டிபன் கேரியர் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வந்து உட்கார்ந்து வயரை மாட்டி, பச்சை விளக்கு எரிந்ததும் திரும்பிக் கேட்டார்.

"நெட்டு நம்பரப் போடுததுக்கு முன்னாடி மோடம் ஒழுங்கா டயல் பண்ணுதான்னு பாக்கணும்லா. ஒரு நம்பர் சொல்லுங்க. மணி போகணும், ஆனா அங்க யாரும் எடுக்கப்பிடாது. எடுத்தா ஒரு காலுக்குக் காசு விழுந்துரும்."

மணி அடித்தும் எடுக்காத வீடு பம்பாயில் எங்கே கிடைக்கும்? அப்பா மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். நான்தான் சொன்னேன்.

"அத்தையாத்து நம்பர் குடுக்கலாம்ப்பா. ரெண்டு மணி வரைக்கும் அவா எடுக்கவே மாட்டா."

அப்பாவுக்கு என் மூளையை நினைத்து ஒரே பெருமை. மோடம்காரர் என்னையே உட்காரவைத்து அந்த எண்ணை அடிக்கச் சொன்னார். பத்து விநாடியில் தானே நின்றுவிடும்படி ஒரு கட்டத்தில் பத்து என்று போட்டு, திரையில் ஒரு டெலிபோன் படம் வைத்து, அதைத் தட்டினார். கீ, கர்ர்ர் என்று இல்லாமல், மோடத்துக்குள்ளிருந்து அத்தை வீட்டு மணி சின்னதாகக் கேட்டது. ஒன்று, இரண்டு. நின்றது. நான் கை தட்டினேன். பிறகு அவர் இன்டர்நெட் எண்ணைத் தனியாகப் போட்டு, இரண்டாவது டெலிபோன் படம் ஒன்றைத் திரையில் வைத்தார். அப்போதுதான் அந்தப் பெரிய கூச்சல் வந்தது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அதை நிறுத்த முடியுமா, எனக்கு பிபி" என்றார். மோடம்காரர் சத்தத்தை அடியோடு நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் படத்தை அழிக்க மறந்துவிட்டார்.

அவர் மறந்தால் என்ன, நாங்கள் அதைத் தொடாமல் இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. ஆனால் என் அப்பா ஒரு ஆபீஸில் இருபத்தேழு வருஷமாக ஃபைல் நகர்த்தியவர். மோடம்காரர் செய்ததை எல்லாம் பக்கத்தில் நின்று ஒரு நீள நோட்டில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, ஸ்டெபிலைசர் ஆன். இரண்டு, பச்சை விளக்கு வரும்வரை காத்திருக்கவும். இப்படியே போய், ஆறு, முதல் டெலிபோன் படத்தை இருமுறை அழுத்தவும், பத்து விநாடியில் தானாக நின்றுவிடும். ஏழு, இரண்டாம் டெலிபோன் படத்தை இருமுறை அழுத்தவும். அந்த வரிசையை அவர் ஒரு நாளும் மீறவில்லை. ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வருவார், குடையை விரித்துக் காயவைப்பார், காபி குடிப்பார், ஏழு மணிக்கு உறையை உதறுவார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

ஒரு நாள் கேட்டேன். "ஆறாவது எதுக்குப்பா? அதுதான் டெஸ்ட் ஆயிடுத்தே."

"தெரிஞ்ச மனுஷன் வந்து பண்ணிக் காட்டியிருக்கான். நடுவுல ஒண்ணை விட்டா அடுத்தது வருமோ?"

நானும் விட்டுவிட்டேன். டெஸ்ட் என்றால் அது எங்கள் பெட்டிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும் காரியம் என்று எனக்கு எண்ணம். சத்தம்தான் கேட்பதில்லையே. அந்த எண்ணை என் விரலால் அடித்தவள் நான் என்பதே மறந்துபோயிற்று. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஜூலையில் ஒரு நாள் அத்தை வந்திருந்தாள். கோயிலுக்குப் போகிற வழியில், கையில் சம்பங்கிப் பொட்டலம். அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். "இப்போல்லாம் ரெண்டு தடவை மணி குடுக்கறா, தெரியுமோ? ஏழுக்கு ஒரு தடவை, ஏழே காலுக்கு ஒரு தடவை. அங்கே மனசு ஒட்டிண்டுடுத்து போல இருக்கு. இல்லேன்னா இவ்வளவு குஷி வருமா?" அம்மாவும் சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்து பூவை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. மணி இரண்டு இருக்கும். வாசல் மணி அடித்துக் கதவைத் திறந்தால் அத்தங்கா நிற்கிறாள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. முகம் பாதியாகியிருந்தது. காலில் அவள் அளவுக்குப் பொருந்தாத ஆண்பிள்ளைச் செருப்பு. குடை இல்லை. தாணேயிலிருந்து ஸ்லோ லோக்கல் ரயில் பிடித்து மாட்டுங்காவில் இறங்கி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், பெற்றவர்கள் இருக்கிற செம்பூருக்குப் போகாமல். அம்மா துண்டை எடுத்துத் தலையைத் துவட்டியபடி, "ஏண்டி அம்மாகிட்டே போகலை?" என்று கேட்டாள்.

"அவாளுக்கு நான் வேண்டாம் மாமி. பதினொரு நாளா போனுக்குப் பூட்டு. நான் மணி குடுக்கறதை அவர் கண்டுபிடிச்சுட்டார். மணி வரலேன்னா அப்பா மறுநாளே வருவார்னு உட்கார்ந்திருந்தேன். பதினொரு நாளும் கார்த்தால ஜன்னல்லயே நின்னேன். யாரும் வரலை."

டயலின் ஓட்டையில் மாட்டும் சின்னப் பித்தளைப் பூட்டு உங்களுக்கு நினைவிருக்கும். நம் வீடுகளிலும் இருந்தது, பிள்ளைகள் ஊர்க்கதை பேசாமல் இருக்க. அதை வைத்து ஒரு பெண்ணை உயிரோடு மூடி வைக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளைக் கீழே இறங்கவும் விடவில்லையாம். அத்தை நடுவில் இரண்டு தரம் போன் பண்ணியபோது குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு ஏதோ கிருகப்பிரவேசம் என்று எல்லோரும் கிளம்பிய அவசரத்தில் வெளிக்கதவைப் பூட்ட மறந்திருக்கிறார்கள். கையில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள்.

அம்மா போன் பண்ணினாள். சாயங்காலம் அத்தையும் அத்திம்பேரும் வந்தார்கள், அப்பாவும் ஆபீஸிலிருந்து வந்துவிட்டார். அத்தை ஓடிவந்து பெண்ணைக் கட்டிக்கொண்டாள். அத்திம்பேர் உட்காரக்கூட இல்லை.

"என்ன டிராமா இது? உன் மாமியார் போன் பண்ணி அழறா, சொல்லாம ஓடிட்டேன்னு."

"பதினொரு நாளா என்னால மணி குடுக்க முடியலைப்பா."

"பொய் சொல்லாதே. நேத்திக்குக்கூட மணி வந்துது. ஏழு மணிக்கு, நான் ஆத்துல இருந்தேன். என் காதால கேட்டேன். தினம் வந்துது."

"நான் பண்ணலை."

"அப்போ யார் பண்ணினா? ஆவியா?"

அத்தங்கா அத்தையைப் பார்த்தாள். அத்தை அழுதபடி இருந்தாள். அத்திம்பேர் மேலே மேலே கேட்டார். அவர் கேட்டதில் பாதிக்கு அத்தங்கா பதிலே சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பார்த்தியா திமிரை" என்றார் அவர். பொய் சொல்கிற பெண் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. ஏழரை ஸ்லோவில் தாணேக்குக் கொண்டுபோய் விட்டு, அவர்கள் காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிட்டு வருவதாகச் சொன்னார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அத்திம்பேரை எதிர்த்துப் பேசி அப்பாவுக்குப் பழக்கமே இல்லை.

அப்போது ஏழு மணி ஆயிற்று. நான் சொல்வதை நம்பமாட்டீர்கள். வீட்டில் இவ்வளவு நடக்கிறது, அப்பா எழுந்துபோய் உறையை உதறி மடித்தார். என்ன செய்வதென்று தெரியாதபோது செய்ய ஒரு வேலை கிடைத்ததே என்று போனாரோ என்னவோ. நோட்டைப் பிரித்தார். ஸ்டெபிலைசர், பச்சை விளக்கு. ஆறாவது வரிக்கு வந்து முதல் படத்தை இரண்டு தட்டுத் தட்டினார். திரையில் சின்னக் கட்டம் ஒன்று வந்தது. அதில் எந்த எண்ணுக்குப் போகிறது என்று போட்டிருந்தது. அன்றுதான் முதல் தரமாக நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அதைப் படித்தேன். என் பிறந்தநாளைவிட எனக்கு நன்றாக மனப்பாடமான எண் அது. பத்து விநாடியில் கட்டம் மறைந்தது.

அத்தங்காவை மாட்டிவிட்டது நான்.

"அப்பா, அது அத்தையாத்து நம்பர்."

யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "ஏழு மணிக்கு அத்தையாத்துல மணி அடிச்சது அத்தங்கா இல்லே. நம்ம கம்ப்யூட்டர்தான். தினம் ஆறாவது வரியிலே அங்கேதான் மணி போறது. நான்தான் நம்பர் போட்டேன்."

அப்பா திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்தது. அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத அதிர்ச்சி.

"குழந்தை உளர்றது. அது வெறும் டெஸ்ட். இங்கேயே சுத்தி நின்னுடும், எங்கேயும் போகாது."

சொல்லிவிட்டு மானிட்டரை அணைத்தார். ஒன்றும் தெரியாதவர் எதற்காக மானிட்டரை அணைக்க வேண்டும்? என் அப்பா நல்லவர், ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். ஆனால் அத்திம்பேருக்கு முன்னால் தப்புச் செய்தவராக நிற்பதைவிட, என்னைப் பொய்க்காரி ஆக்குவது அந்த நிமிஷத்தில் அவருக்குச் சுலபமாக இருந்தது. இப்போது எனக்கு ஏறக்குறைய அவர் வயது. இருந்தும் புரியவில்லை.

அத்திம்பேர் செருப்பைத் தேடப் போனார். அப்போதுதான் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆத்துச் சாவியைக் குடுங்கோ."

"எதுக்கு?"

"நான் செம்பூர் போறேன். டாக்சில போனா அரை மணி. எட்டு மணி வரைக்கும் யாரும் இங்கேர்ந்து நகரப்படாது." அப்பா பக்கம் திரும்பினாள். "டேய், எட்டு மணிக்கு அந்த எழவைத் தட்டு. மணி அங்கே வரதா இல்லையான்னு நானே பார்த்துக்கறேன்."

அத்தை இருட்டியபிறகு தனியாக மார்க்கெட்டுக்குக்கூடப் போகாதவள். அத்திம்பேர் வாயைப் பிளந்துகொண்டு சாவியைக் கொடுத்தார். அவள் எங்கள் வீட்டுக் குடையைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அம்மா அத்தங்காவுக்கு ரசம் சாதம் போட்டாள். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள், பச்சைக் குழந்தை மாதிரி தலையைத் தூக்காமல். எட்டு மணி அடித்ததும் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அம்மா, "நீ தட்டுடி" என்றாள். அப்பா அணைத்த மானிட்டரை நான் போட்டேன். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். முதல் படத்தைத் தட்டினேன். கட்டம் வந்தது, பத்து விநாடி இருந்தது, போயிற்று.

கொஞ்ச நேரத்தில் எங்கள் டெலிபோன் அடித்தது. ஒன்று, இரண்டு. கூடத்தில் நான்கு பெரியவர்கள் இருந்தும் ஒருவரும் எடுக்கவில்லை. பழக்கம் அப்படி. மூன்றாவது மணிக்கு நான் பாய்ந்து எடுத்தேன்.

அத்தைக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு அடிச்சு நின்னுதுடி. அதே மணிதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீயா? போனை வேற யார்கிட்டேயும் குடுக்காதே. நான் சொல்றதை அத்திம்பேர் காதுல விழற மாதிரி அப்படியே சொல்லு."

நான் திரும்பி நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ரெண்டு மணி வந்துதாம். மெஷின்தானாம்."

அத்திம்பேர் இடுப்பில் கை வைத்தபடி, "மெஷினாவே இருக்கட்டுமே. எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றார்.

"ஏழே கால் மணி நின்னுபோச்சுன்னு அத்தை உங்ககிட்டே பத்து நாள் முன்னாடியே சொன்னாளாம். ஏழு மணி மட்டும்தான் வரது, இது அவ நேரம் இல்லே, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்கோன்னு நாலு தடவை கெஞ்சினாளாம். மணிதான் வரதே, பேசாம படுன்னேளாம்."

அவர் இடுப்பிலிருந்த கை நழுவிக் கீழே வந்தது. இவ்வளவு நேரமும் குற்றம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாணேக்குப் போகாமல் இருப்பதற்கு எங்கள் மெஷின் அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது.

அத்தை அடுத்ததைச் சொன்னாள். நான் ஒரு தரம், "என்ன அத்தை?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய மனிதரைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன்.

"பொண்ணைத் தாணேக்கு அனுப்பப்படாதாம். செம்பூருக்கு அவ மட்டும் வரணுமாம். நீங்க வந்தா அத்தை கதவைத் திறக்கமாட்டாளாம்."

அத்திம்பேர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலில் நின்ற அப்பா திரும்பவே இல்லை. நான் அத்தங்காவைப் பார்த்தேன், இதைக் கேட்டு அழுவாள் என்றோ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்றோ நினைத்து. அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி, ஒன்றும் விளங்காதவள்போல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா என்ன சொன்னாடி? கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து சொல்லு. போனுக்குப் பூட்டுப் போட்ட அன்னிக்கு அவர் அறைஞ்சதிலேர்ந்து இடது காது கேக்கலை."

நான் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து, அத்தை சொன்ன எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.